ஆண்டுக் கணக்கும் தொண்டுக் கணக்கும்

சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் பெருமையை அளப்பதற்கு நம்மவர் ஒரு முழக்கோல் வைத்திருக்கின்றனர். எத்தனை தேர்தலில் வென்றார், எத்தனை ஆண்டு ஆசனத்தில் அமர்ந்தார், எத்தனை விழாவில் மாலை ஏற்றார், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம் வாங்கித் தந்தார் என்பனவே அக்கோலின் அங்குலங்கள். தோட்டத்து மண்டபத்திலும் பட்டணத்துச் சங்கக் கூடத்திலும் இதனைக் கொண்டே அளக்கின்றோம். இது பொய்க்கோல் என்பது எமது கட்சி. அதனை மெய்ப்பிக்க ஒருவருடைய வரலாறே போதும். அவர் வாக்குப் பெற்றுச் சபைக்கு வந்தவரல்லர்; அங்கே நான்கு ஆண்டு நிரம்ப இருந்தவருமல்லர்; பதவியைத் தாமே துறந்து வெளியேறியவர். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் பெண்ணொருத்தியாகச் சேர்ந்து படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டசபையில் பெண்கள் அமரலாம் என்னும் உரிமை 1926இல் கிட்டிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் சொற்ப வாக்கில் தோற்றார். அதன்பின் மாதர் சங்கத்தாரின் முயற்சியால் அம்மையார் நியமன அங்கத்தினராகச் சபை புகுந்தார். 1927இல் அச்சபையே அவரை உபதலைவராகத் தேர்ந்தது.

“நியமன அங்கத்தினர்தாமே! அரசாங்கத்தின் கைப்பாவையன்றோ?” என்பார் உளர். நல்லது, பாவை என்ன செய்தது என்று பார்ப்போம். மத விஷயத்தில் தலையிடோம் என்று ஒதுங்கி நிற்பதே அந்நாளைய வெள்ளை அரசாங்கத்தின் வழக்கம். அந்த அரசாங்கம் எதனைத் தொட அஞ்சியதோ, அதனையே அம்மையார் சபை நடுவே கொண்டுவந்து வைத்தார். கோயிலில் சிறுமியருக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. 1930 மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்து உபதலைவர் பதவியோடு சபையையும் துறந்தார். தன்னை ஆட்டும் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டு போகும் பாவையை யாம் கண்டதில்லை.

இனி நம் மேடைப் பேச்சாளரை நோக்கி ஒரு சொல். அம்மையாரைப் பற்றிப் பேச எழுந்தால், சபையில் எதிர்த்தவர் ஒருவர்க்கு அவர் சுடச்சுடப் பதில் கொடுத்தார் என்னும் கதை ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கி அமர்கின்றனர். எதிர்ப்பு இருந்தது உண்மை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளரே எதிர்நின்றனர். ஆயினும் அந்தப் பதில் சபைக் குறிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பார் எவருமில்லை. கேட்டுத்தான் என்ன பயன்? ஒரு சுடுசொல்லால் எந்த வழக்கம் மாய்ந்தது? சொல்லைக் கொண்டாடிச் செயலை மறப்பது நம்மவர்க்குக் கைவந்த கலை.

அம்மையார் செய்த செயல் யாது? வழக்கத்தைக் கட்டி நிறுத்தியிருந்த கயிற்றைத் தேடிக் கண்டார். கோயில் ஊழியத்திற்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் நடக்கும் வரைதான் நிலம். தாய் தளர்ந்தால் மகள் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். மகள் இல்லையேல் ஒரு சிறுமியைச் சுவீகாரம் எடுத்தேனும் கட்ட வேண்டும். கட்டாவிடில் அடுப்பு எரியும் வழி போயிற்று. ஆகவே, “இது பக்தி, இது சம்பிரதாயம்” என்று வைதீகர் சொன்ன இடத்தில், உள்ளே கிடந்தது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. மகளைப் பலியிட்டால் சோறு, மீட்டால் பசி என்னும் நிலையில் வைக்கப்பட்ட தாயிடம் நீதி போதிப்பது யாருக்கும் எளிது. அம்மையார் போதனையோடு நிற்கவில்லை. இந்து அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது 1929இல் சட்டமாயிற்று. ஊழியக் கட்டு அறுந்தது. நிலம் அப்பெண்களிடமே நின்றது. மகளைக் கொடாமலே தாய் உண்ணலாம் என்றாயிற்று. ஆயிரம் மேடை முழக்கம் செய்யாததை ஒரு திருத்தம் செய்தது.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். தீர்மானம் வந்த நாள்களில், தேவதாசிப் பெண்கள் தாமே சங்கமாகக் கூடி அரசாங்கத்திற்கு எதிர்மனு அனுப்பினர். எங்களை எல்லாம் ஒருசேர விலைமாதர் என்று இழிக்காதீர், கல்வி தாருங்கள், கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதனை அக்காலத்துச் சீர்திருத்தக்காரர் செவிமடுத்துக் கேட்டிருக்க வேண்டும்; போதிய அளவு கேட்கவில்லை. அம்மையாரின் பேச்சிலும் அப்பெண்கள்பால் இரக்கம் மிகுந்திருந்தது. அவர்களிடமே கேட்டறியும் பொறுமை குறைந்திருந்தது. பின்னர் நடந்தது என்ன? 1930களில் சதிர் பரதநாட்டியம் என்னும் பேரோடு மேற்குலத்து மகளிரின் கலையாக மேடை ஏறிற்று. தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்துவந்தவள் மேடைக்குக் கீழே நின்றாள். பாலசரஸ்வதி போன்ற சிலரே அம்மரபில் நிமிர்ந்து நின்றனர். இது சீர்திருத்தத்தின் கணக்கில் எழுத வேண்டிய கடன். எழுதாதவர் நேர்மையுள்ளவராகார்.

ஆனால் இந்தக் கடனைக் காட்டி, பொட்டுக் கட்டுதலே இருந்திருக்கலாம் என்று இக்காலத்தில் சிலர் இழுக்கின்றனர். அவர்களுக்கு எமது விடை ஒன்றே. வயது வந்த ஒருத்தி தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்வது உரிமை. விளையாட்டுப் பருவம் நீங்காத சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டுவது அவள் தேர்வன்று. அவளைக் குறித்துப் பிறர் செய்யும் பேரம். கலை அழியும் என்று அஞ்சுவோர் கலைக்குப் பள்ளி வைக்கட்டும்; குழந்தையை விலையாக வைக்க வேண்டா.

நிலமில்லாத குடும்பங்களைத் திருத்தச் சட்டம் எட்டவில்லை. அதனால் பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அம்மையார் 1930இல் கொண்டுவந்தார். அவர் சபையைத் துறந்ததும் மசோதா தாயற்ற பிள்ளையாயிற்று. துறந்தது சரியா? தேசத்தின் பக்கம் நோக்கினால் சரி. அச்சிறுமியர் பக்கம் நோக்கினால் நெஞ்சு உறுத்துகிறது. இரண்டும் மெய்யே. பின் அச்சட்டம் வந்தது எப்போது? 1947இல்! தீர்மானம் நிறைவேறி இருபது ஆண்டு கழிந்தபின்! அந்த இருபது ஆண்டில் எத்தனை கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும் என்று கேளுங்கள். பிறகு ஆசனத்தில் நெடுங்காலம் சுகமாக அமர்ந்தோரின் ஆண்டுக் கணக்கைச் சொல்லுங்கள்.

அந்த இடைக்காலத்தில் நெருப்பு அணையாமல் காத்தவர்கள் சபைக்கு வெளியே நின்றவர்கள். அம்மரபின் துயரைத் தாமே பட்டறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலும் எழுதினார். சுயமரியாதை இயக்கத்தார் தோள் கொடுத்தனர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்ததும் அவ்வியக்கம் எழுச்சி கொண்டிருந்த காலத்திலேதான். எனவே இதனை அக்கரைக் கதை என்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

சபையைத் துறந்தபின் முத்துலட்சுமி அம்மையார் ஓய்ந்தாரா? ஆதரவற்ற பெண்களுக்கு 1930இல் ஔவை இல்லம் கண்டார். சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் அன்பு மறுவாயிலைத் திறக்க வேண்டும் என்பதை அவ்வில்லத்தில் மெய்ப்பித்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கும்வரை உழைத்தார். 1968இல் மறைந்தார். சபையில் கழிந்தவை நான்கு ஆண்டுக்கும் குறைவு. தொண்டில் கழிந்தது ஓர் ஆயுள்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களே! அடுத்த முறை ஒரு சட்டசபை அங்கத்தினர் உங்கள் மண்டபத்திற்கு வரும்போது மாலை போடுங்கள். வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. மாலை போட்ட கையோடு மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் துன்பத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு எது என்று கண்டீரா? அதனை அறுக்கச் சபையில் என்ன எழுதிக் கொடுத்தீர்? அறுத்தபின் விழுவோர்க்கு என்ன வழி செய்தீர்? முதலிரண்டுக்கும் முத்துலட்சுமி அம்மையாரிடம் விடை இருந்தது. மூன்றாவதற்குச் சபையில் முழு விடையில்லாதபடியால், தம் வாழ்நாளையே விடையாக வைத்தார். ஒன்றுக்கேனும் விடை சொல்லாதவர் எத்தனை முறை வென்றாலென்ன? அவர் ஆசனத்தை நிரப்பினார், அவ்வளவே.