மாலைமாற்றும் மடக்கும்

ரூபாய் நோட்டுகளைச் சேகரிப்பதில் சிரத்தை கொண்ட அன்பர்கள் நாலு பேர் கூடி உரையாடும்போது, அந்த வித்தையை அறியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாரானால், இவர்கள் பேசுவது பணத்தைப் பற்றியா அல்லது யுத்தத் தளவாடங்களைப் பற்றியா என்று ஐயுறுவது இயல்பே. ஏனெனில் ரேடார், லேடர், சாலிட், ரிப்பீட்டர், ஸ்டார் என்ற சொற்கள் அவர்கள் வாயில் சர்வ சாதாரணமாகப் புரளும். இவை யாவும் நோட்டின் வரிசை எண்ணுக்கு இட்ட பெயர்கள். 777777 என்று ஒரே இலக்கம் ஆறு முறை வந்தால் சாலிட். 123456 என்று படிப்படியாக ஏறினால் லேடர். 347347 என்று பாதி எண் மறுபடி வந்தால் ரிப்பீட்டர். 347743 என்று முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாதிருந்தால் ரேடார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே இரு திசையிலும் ஒன்றாகப் படிக்கப்படுவதால் வந்த பெயர் அது.

பெயரில் எனக்கு விரோதமில்லை. பெயரோடு கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் மதிப்பைப் பற்றித்தான் என் ஆட்சேபம். இந்தப் பதங்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே பெருவழக்காக உள்ளவை. அந்நாட்டு டாலர் நோட்டில் வரிசை எண் எட்டு இலக்கம். அங்கே இருபுறமும் ஒன்றாகப் படிக்கத்தக்க எண் பத்தாயிரம் தாளுக்கு ஒன்றே வரும். நமது நோட்டிலோ, முன்னெழுத்துகளை நீக்கிப் பார்த்தால், எண் ஆறே இலக்கம். 347000 முதல் 347999 வரையுள்ள ஆயிரம் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றுள் 347743 ஒன்று உண்டு, 347347 ஒன்று உண்டு. எந்த ஆயிரத்தை எடுத்தாலும் கணக்கு இதுவேதான். அதாவது, நூறு தாள் கொண்ட கட்டுகள் பத்தைச் சேர்த்து வங்கியில் வைத்திருக்கிறார்களே, அந்தப் பண்டில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு ரேடார் நோட்டு இருக்கிறது. பத்து மடங்கு சுலபமாகக் கிடைக்கும் சரக்குக்குக் கடல் கடந்து வந்த பெயரைச் சூட்டி, அபூர்வம், அபூர்வம் என்று விலை கூறுவது நியாயமாகுமா?

உண்மையில் அபூர்வமானவை வேறு. பத்து லட்சம் எண்களுக்குள் சாலிட் ஒன்பதே. ஏறுமுகமும் இறங்குமுகமுமாக லேடர் பத்தே. ரேடாரோ 999, அந்த ஒன்பது சாலிட்டையும் சேர்த்து. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ‘ஃபேன்சி நம்பர்’ என்ற ஒரே போர்வைக்குள் மூடிவிட்டால், ஒன்பதில் ஒன்றின் கௌரவம் ஆயிரத்தில் ஒன்றின்மீதும் படிந்துவிடுகிறது. வாங்குகிறவர் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எண்களின் இந்தச் சேஷ்டைகளுக்குத் தமிழில் பெயரில்லை என்பதும் இல்லை. முன்னும் பின்னும் ஒன்றாக வரும் செய்யுளை மாலைமாற்று என்றும், வந்த சொற்றொடரே மீண்டும் வேறு பொருளில் வருவதை மடக்கு என்றும் நம் இலக்கணிகள் வகுத்து வைத்தார்கள். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இவற்றை விஸ்தாரமாகப் பேசுகிறது. சம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைக்குக்கூட ‘விகடகவி’ என்ற சொல்லின் விந்தை தெரியும். மடக்கு என்ற பெயர் எண்ணுக்கும் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! 347347 என்பதில் முதலில் வரும் 347 ஆயிரங்களைக் குறிக்கிறது, அடுத்து வரும் 347 வெறும் முந்நூற்று நாற்பத்தேழு: சொல் ஒன்று, பொருள் இரண்டு.

ஸ்டார் என்பதை மட்டும் இந்தப் பந்தியில் உட்காரவைக்கக் கூடாது. மற்றவை இலக்கங்களின் தற்செயல். இது அச்சகத்தின் நடைமுறை. அச்சில் பழுதான தாளை நீக்கிவிட்டு அதே எண்ணில் இன்னொன்றை அடிப்பது சிரமமான வேலையாதலால், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரக் குறியிட்ட வேறொரு தாளைக் கட்டில் வைக்கும் முறையை ரிசர்வ் வங்கி 2006-இல் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் புகுத்தியது. 2016-இல் புதிய 500 ரூபாய்க்கும் அது வந்தது. பழுதான தாளே அந்த ஆயிரத்தின் மாலைமாற்றாக இருந்துவிட்டால், அது அச்சகத்தின் வாசலைத் தாண்டுவதேயில்லை. நட்சத்திரத்தைக் கண்டு கள்ள நோட்டென்று சிலர் பீதி கிளப்பியதும், அது செல்லத்தக்க நோட்டே என்று 2023-இல் ரிசர்வ் வங்கி விளக்கம் தர நேர்ந்ததும், பெயரின் அர்த்தம் தெரியாமல் பெயரைக் கையாண்டதன் விளைவுகளே.

786 என்று முடியும் நோட்டை பக்தியினால் பத்திரப்படுத்துகிறவரை நான் வணங்குகிறேன். அந்த எண் அவருக்கு பிஸ்மில்லாவின் எழுத்துக் கணக்கு. அதை லட்சக்கணக்கில் வாங்குவதாக விளம்பரம் செய்கிறவரோடுதான் எனக்கு வழக்கு. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டுக்கும் நாணயத்துக்கும் கமிஷன் கேட்கும் மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. 786 என்று முடியும் எண்ணும் ஆயிரத்துக்கு ஒன்றுதான்.

நோட்டு விற்கும் வியாபாரிகள் செய்யத்தக்கது பெரிய காரியமில்லை. பிளாஸ்டிக் உறையின்மேல் ரேடார் என்று எழுதுவதோடு, பத்து லட்சத்தில் இது எத்தனையில் ஒன்று என்பதையும் ஒரு மூலையில் எழுதிவிடட்டும். விலையை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.