முதலாந் தரத்தில் ஒரு வெருளி

கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பாடசாலையின் முதலாந் தர வகுப்பில் அண்மையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி' பாட்டை ஆசிரியை பிள்ளைகளோடு சேர்ந்து பாடினார். பாடி முடிந்ததும், "வெருளி எண்டால் என்ன?" என்று கேட்டார். தொடர்மாடி வீடுகளில் வளரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரேயொரு கை உயர்ந்தது.

"அது தோட்டத்தில பழஞ்சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிற ஆள், ரீச்சர். எங்கட அப்பப்பா செய்தவர்."

அந்தப் பிள்ளை தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. அப்பப்பாவின் குடும்பம் 1990 ஜூனில் வலிகாமம் வடக்கின் செம்மண் காணியை விட்டுக் கிளம்பியது. பிள்ளையிடம் இருந்தது கிழவர் சொன்ன கதை மட்டுமே. அன்றுவரை அப்பிள்ளை வகுப்பில் வாய் திறந்ததேயில்லை என்று ஆசிரியை பிறகு எம்மிடம் சொன்னார்.

இதை வெள்ளவத்தையில் ஒரு தாயிடம் சொன்னோம். "கதையும் பாட்டும் வீட்டில சொல்லலாம் பாதர். பள்ளிக்கூடத்தில எழுத்தைப் படிப்பிக்கச் சொல்லுங்கோ" என்றார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. காணியும் கிணறும் மாடும் போன பிறகு, எவராலும் பறிக்க முடியாதது படிப்பு ஒன்றே என்று நம்புகிறவர் அவர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆறு வயதிலேயே ரியூசன் தேடுகிறார். ஆனால் வீட்டில் கதை சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்னே வைத்தது. எழுத்து வேலையைப் பின்னே வைத்தது. கடதாசியில் நல்ல திட்டம்தான். பெற்றார் கொப்பியைத் திறந்து "இண்டைக்கு என்ன எழுதினனீ?" என்று கேட்கும்வரை ஆசிரியையின் கை கட்டப்பட்டே இருக்கும்.

அந்தக் கொட்டாஞ்சேனை வகுப்பில் நமக்கு அதிகம் பிடித்தது அன்றாட ஒழுங்கு. வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும். இன்று என்ன கிழமை, வானம் எப்படி என்று ஒருவர் சொல்ல வேண்டும். யன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற இன்று யார் முறை என்று பார்க்க வேண்டும். கை கழுவிச் சாப்பிட்ட பின் பாயில் இருந்து ஒரு கதை. ஒவ்வொரு நாளும் இதே ஒழுங்குதான். தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. பங்குக் கிணற்றில் யார் எந்த நாளில் எப்போது இறைப்பது என்ற முறை தவறினால் என்ன நடக்கும் என்பது நமது வாசகர்களுக்கு எம்மைவிட நன்றாகத் தெரியும். அறைக்கு அறை, பாடசாலைக்குப் பாடசாலை மாறித் திரியும் பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிவதே பெரிய நிம்மதி. கேட்ட கதையையே திரும்பச் சொல்லு என்று அது நச்சரிப்பதும் அதனால்தான் என நினைக்கிறோம்.

'டோட்டோ-சான்' என்ற யப்பானிய நூல் தமிழிலும் உண்டு. முதலாந் தரத்திலேயே பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, புதிய பாடசாலைக்குப் போன முதல் நாள், தலைமை ஆசிரியர் கொபயாஷி நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாடசாலை 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்து போனது. அந்தக் கடைசிப் பகுதியை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

புத்தகத்துக்கு எங்கே போவது? வெள்ளவத்தைக் கடைகளில் உள்ள படக்கதைகள் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. நாட்கூலிக் குடும்பத்துக்கு விலை எட்டாது. அவற்றில் வெருளியும் துலாவும் கிடையா. ஆகவே கிழமையில் ஒரு நாள் ஓர் அப்பப்பாவையோ அம்மம்மாவையோ வகுப்புக்கு அழைக்கட்டும். அவர் சொல்லும் கதையை ஆசிரியை பெரிய எழுத்தில் எழுதட்டும். பிள்ளைகள் படம் கீறட்டும். நூலால் தைத்தால் அதுவே வகுப்பின் புத்தகம். எழுத்தும் அதிலிருந்தே வரும். குருமடத்தில் இலத்தீனை மனனம் பண்ணியே கற்ற நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான். மனனம் பண்ணியதில் பாதி மறந்து போயிற்று. ஆச்சி சொன்ன நரிக்கதை மறக்கவில்லை.

இதற்கும் தடை உண்டு. சாரம் கட்டி வந்த ஒரு பெரியவரை ஒரு பாடசாலை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நாம் கண்டோம். ஊர்ப்பேச்சு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று காரணம் சொன்னார்களாம். பெற்றார் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். பாதர் போய்க் கேட்டால் பாதருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனை அப்பப்பாவை வருகிற வியாழக்கிழமை வரும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார். பழஞ்சேட்டும் ஓட்டைப் பானையும் கொண்டு வருவாராம். கொழும்பில் வைக்கோலுக்கு எங்கே போவது என்பதுதான் இப்போது அவருடைய யோசனை.