அடிக்காமல் ஜெயிக்கிறவன்

போக்கேமோன் ஆட்டத்தில் 'டபுள் டீம்' என்றொரு வித்தை உண்டு. 1996-ல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே இருக்கிறது. போட்டதும் களத்தில் ஒரு பிகாச்சு பல பிகாச்சுவாகத் தெரியும். எதிரிக்கு எது நிஜம், எது நிழல் என்று பிடிபடாது. இப்போதுள்ள கணக்குப்படி, நூற்றுக்கு நூறு விழ வேண்டிய அடி, ஒரு டபுள் டீமுக்குப் பிறகு 75-க்கு இறங்கிவிடும். ஆறு முறை அடுக்கலாம். அதற்குப் பின் மூன்று அடியில் ஒன்று மேலே பட்டாலே பெரிது.

தமயந்தி சுயம்வரத்தில் தேவர்கள் நளன் உருவில் வந்து உட்கார்ந்த கதைதான். கால் தரையில் படுகிறதா, கண் இமைக்கிறதா என்று பார்த்து அவள் நிஜ நளனைப் பிடித்துவிட்டாள். ஆட்டத்தில் அந்தக் கண் 'ஸ்விஃப்ட்' என்ற அடிக்கு வாய்த்திருக்கிறது; எத்தனை நிழல் நின்றாலும் குறி தப்பாது. ஆனால் ஒரு போக்கேமோன் நான்கு வித்தைகளைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதில் ஒன்றை இந்தச் சோப்ளாங்கி அடிக்கு ஒதுக்க யாருக்கு மனசு வரும்?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்தபோதுதான் இதன் முழு ருசியும் தெரிந்தது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். பங்க் கிளாஸில் அக்கா பையன்கள் இருவரும் பழைய நின்டெண்டோ கருவிகளோடு எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். சின்னவன் டபுள் டீம் மேல் டபுள் டீமாகப் போட்டான். பெரியவன் அடிக்க அடிக்கத் தப்பியது.

"மாமா, இவன் சண்டையே போட மாட்டேங்கிறான்!"

"நான் இங்கதானே இருக்கேன், அடி" என்றான் சின்னவன், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

சாப்பாட்டுக்கு ஜனங்கள் தட்டோடு கிளம்பியபோதும் ஆட்டம் முடியவில்லை.

என் ஓட்டு சின்னவனுக்குத்தான். டபுள் டீம் போடும் ஒவ்வொரு முறையும் அவன் அடிக்கிற வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறான். ஆரம்பத்திலேயே பலமாக ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. பயந்தாங்கொள்ளி செய்கிற காரியமில்லை இது.

ஆனால் இணையத்தில் மோதும் தீவிர ரசிகர்கள் பலர் தங்கள் விதிகளில் இதைத் தடை செய்து வெகுகாலமாகிறது. திறமையைக் குலுக்கல் சீட்டாக்குகிறது, ஆட்டத்தை இழுத்தடிக்கிறது என்பது குற்றச்சாட்டு. முதலாவதை ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது தீவுக்காரர்களிடம் எடுபடாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும்வரை இங்கே இணையத்துக்குச் செயற்கைக்கோள்தான் கதி. 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கிப் பதில் வரவே அரை நொடி ஆகிவிடும். நெரிசலில் இன்னும் கூட. துப்பாக்கி ஆட்டத்தில் அரை நொடி என்றால் ஆள் காலி. முறை வைத்து ஆடும் போக்கேமோனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நிதானமாக யோசித்து, நிதானமாக ஏமாற்றலாம்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கே சலித்துவிட்டது போலிருக்கிறது. அநேகமாக எந்தப் போக்கேமோனுக்கும் டபுள் டீமைக் கற்றுக்கொடுக்க முன்பெல்லாம் ஒரு வட்டு கிடைக்கும். 2019-ல் வந்த 'ஸ்வோர்ட்', 'ஷீல்ட்' ஆட்டங்களில் அதைக் காணோம். தானாகக் கற்கும் சிலவற்றிடம் மட்டுமே வித்தை மிச்சம். பெரியவன் புதுக் கருவி கேட்டு அக்காவை நச்சரிக்கிறான். சின்னவனுக்குப் பழையதே போதுமாம்.