யந்திரம் மட்டும் போதுமா?

வைத்தியசாலைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இத்தனை வெண்டிலேட்டர்கள் வாங்கினோம் என்று கணக்குக் காட்டுவதில் நமது சர்க்கார்கள் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. அவற்றைக் கையாள எத்தனை பேரைப் பயிற்றினீர்கள் என்று கேட்டாலோ, அதே வேகத்தில் விடை கிடைப்பதில்லை. பிராணனைக் காப்பது யந்திரமா, அதன் அருகில் நிற்கும் மனிதரா என்ற கேள்வியை நாம் எழுப்புவது இதனாலேயே.

இக்கேள்விக்குச் சரித்திரம் விடை கூறியிருக்கிறது. 1952ஆம் வருஷம் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டாம் வைத்தியசாலையில், மூச்சுத் தசைகள் முடங்கிய முதல் 31 நோயாளிகளில் 27 பேர் மாண்டனர். அங்கிருந்த சுவாசக் கருவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்போது மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பகலாகப் பையை அமுக்கினர். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாடு வேரூன்றியது இந்த அநுபவத்திலிருந்தே.

இன்றைய வெண்டிலேட்டர் அந்தக் கைகளின் வேலையையே செய்கிறது. நாம் இயல்பாக மூச்சை உள்ளே இழுக்கிறோம். யந்திரமோ காற்றை உள்ளே தள்ளுகிறது. அளவு மிஞ்சினால் நுரையீரலே புண்படும். 2000ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கிற்று. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றுச் செலுத்தியபோது 100க்கு 40 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 பேரே இறந்தனர். யந்திரத்தில் குறையில்லை, அளவு தெரிந்து வைப்பதிலேதான் வித்தியாசம்.

இத்துடன் வேலை முடிவதுமில்லை. குழாயில் சேரும் சளியை அகற்ற வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும். மயக்க மருந்தைக் குறைத்து, நோயாளி தாமே மூச்சு விடுகிறாரா என்று தினந்தோறும் சோதிக்க வேண்டும். வீணே நீடிக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியாவுக்கு இடந்தரும். ஆகையால்தான் வெண்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதை நிபுணர்கள் வற்புறுத்துகின்றனர்.

நமது தேசத்தின் கதை என்ன? கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், இந்தியாவிலேயே செய்யப்பட்ட 50,000 வெண்டிலேட்டர்களுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சுதேசித் தொழிலுக்கு ஊக்கமளித்த அம்முயற்சியை நாம் குறை கூறோம். ஆனால் மறு வருஷம் மே மாதம், ஜனங்கள் மூச்சுக்காகத் தவித்த வேளையில், பல இடங்களில் யந்திரங்கள் உபயோகமின்றிக் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. அவற்றைத் தணிக்கை செய்யவும், தேவையான இடங்களில் ஊழியருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கவும் பிரதம மந்திரியே உத்தரவிட நேர்ந்தது. ஆபத்து வந்த பின் கற்பிக்கத் தொடங்குவது, வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதாகும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: வெண்டிலேட்டருக்குப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு உத்தரவிலும், அதற்குரிய டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் ஆகியோரின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும், ஆக்ஸிஜனுக்கும், பழுதுபார்ப்புக்கும் பணம் சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும். ஜில்லா வைத்தியசாலைகளில் எத்தனை யந்திரங்கள் உண்மையில் இயங்குகின்றன என்ற விவரம் வருஷந்தோறும் சட்டசபையில் வைக்கப்பட வேண்டும். பொதுஜன ஊழியர்களும் தத்தம் ஊர் வைத்தியசாலையில் இக்கேள்வியைக் கேட்பார்களாக. உறையிலிட்டு மூடிய யந்திரம் ஒருவருக்கும் மூச்சளிக்காது.