உதவி வருவதற்குள் வேலை போய்விடும்!

பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கு அரசு அலுவலகத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வீட்டிலே மகிழ்ச்சி, தெருவெல்லாம் பேச்சு. சேர்ந்த அன்று அவர் முன்னே ஒரு கணினியை வைக்கிறார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இல்லை. மனு எழுதுகிறார். மனு மேலதிகாரிக்குப் போகிறது, நிதிப் பிரிவுக்குப் போகிறது, விளக்கம் கேட்டுத் திரும்பி வருகிறது. (இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள் உண்டு, அதை ஏற்றவும் உத்தரவு வர வேண்டுமாம்!) மாதங்கள் ஓடுகின்றன. 'இவருக்கு வேலை வராது' என்ற பெயர் மட்டும் தாமதமில்லாமல் வந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமலா? 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் அரசுப் பணியில் 3 சதவீதம் ஒதுக்கியது. அதை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காலியிடங்களை மூன்று மாதத்திற்குள் கணக்கிடுங்கள் என்று 2013 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. சட்டம் வந்தபோது 20 வயதில் இருந்தவருக்கு அப்போது 38 வயது!

2016-ன் புதிய சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. ஊழியருக்குத் தேவையான வசதியை அரசு அலுவலகம் செய்து தர வேண்டும் என்கிறது அதன் 20-வது பிரிவு. எத்தனை நாளில்? அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதிகாரிகளுக்கு இது போதாதா? பொதுக் கட்டடங்களுக்கு மட்டும் ஐந்தாண்டுக் கெடு வைத்தார்கள். 2022-ல் அது முடிந்தது. சரிவுப்பாதை இல்லாத அலுவலகங்களை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுபடியும் அதே மூன்று மாதம்!

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளிகள்' என்று தமிழக அரசு மாற்றியது. நல்லதுதான். பெயர்ப்பலகையை மாற்றிய வேகம் படிக்கட்டை மாற்றுவதில் இல்லையே!

இளைஞர்களே, கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. 23-வது பிரிவின்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். வசதி செய்து தரவில்லை என்ற புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்திற்குள் அவர் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையேல் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். நம் தெருவில் இப்படித் தவிப்பவருக்கு மனு எழுதிக் கொடுங்கள், கூடவே போங்கள். பதிவேட்டில் ஏற்றிய எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வணிகப் பெருமக்களே, அரசைத் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிக் கொள்ள முடியாது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது இதே சட்டம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமென்றால், எந்தெந்தப் பணிகள் அவர்களுக்கு ஏற்றவை, என்னென்ன வசதி உண்டு என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நம் கடைவீதியில் எத்தனை கடைகளில் அதைப் பார்த்திருக்கிறோம்? கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுத நடக்கும் கால் எதற்கு? சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர, வாசற்படியை ஒட்டி ஒரு சிமெண்ட் சரிவு வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் தேவையில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டால் இரண்டு நாள் வேலை.