மாமாவின் இம்பாலாவும் என் கணக்கு நோட்டும்

"மாப்ள, நீ பி.காம் தானே படிக்கிற? ஒரு கணக்கு போட்டுச் சொல்லு" என்று ஆரம்பித்தார் மாமா. ஏதோ வெங்காயப் பட்டறை கணக்கு என்று நோட்டை எடுத்தால், செல்போனில் ஒரு காரைக் காட்டுகிறார். செவர்லே இம்பாலா எஸ்.எஸ்., 1964 மாடல். இரண்டே கதவு, மினி லாரி நீளம். அமெரிக்காவில் இருக்கிறதாம். வாங்கி வரப் போகிறாராம். எங்கே? ரஞ்சன்குடிக்கு!

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து திருச்சி போகும்போது பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு கோட்டை தெரியும் பாருங்க, அதுதான். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அப்புறம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில். மாமா குவைத்தில் 22 வருஷம் டிரைவர். அவர் ஓட்டியது முதலாளியின் கேப்ரைஸ். அது இம்பாலாவின் அண்ணன் மாதிரி. 1965ல் இம்பாலாவின் சொகுசு வகையாகத்தான் ஆரம்பித்தது. 22 வருஷம் அடுத்தவன் காரைத் துடைத்த மனுஷனுக்கு, தனக்குன்னு ஒண்ணு வேணும்கிற ஆசை வந்தது தப்பே இல்லை. ஆனால் கையில் இருப்பது 18 லட்சம். பென்ஷன் கிடையாது. அதுதான் பிரச்சினை.

"இது செலவு இல்ல மாப்ள, முதலீடு. வருஷா வருஷம் விலை ஏறும்" என்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது இந்த வார்த்தையில்தான். எங்கள் பாடத்தில் மோட்டார் காருக்கு 15 சதவீதம் தேய்மானம் போடச் சொல்லித் தருகிறார்கள். பழைய கார் மட்டும் ஏறுமாம். சிலது ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எது ஏறும்?

1965ல் மட்டும் இம்பாலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சம் பேர் வைத்திருந்த பொருள் அபூர்வப் பொருளா? அதில் அபூர்வம் எஞ்சின்தான். 409 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர், எட்டு மாருதி 800 எஞ்சினை ஒன்றாகக் கட்டியது போல. 1962ல் பீச் பாய்ஸ் குழு அந்த எஞ்சின் பெயரிலேயே பாட்டுப் போட்டது. அந்த எஞ்சினோடு பிறந்த வண்டிக்கு ஒரு விலை, சாதாரண எஞ்சினோடு வந்த வண்டிக்கு வேறு விலை. இதில்தான் தில்லுமுல்லு. எஸ்.எஸ். என்பது 1961ல் வந்தபோது தனி மாடலே இல்லை, கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் ஒரு பேக்கேஜ். 1963 வரை சேஸிஸ் நம்பரைப் பார்த்து அது நிஜ எஸ்.எஸ்.ஸா என்று சொல்லவே முடியாது. பேட்ஜ், சீட், கன்சோல் எல்லாம் பிறகு வாங்கி மாட்டிவிடலாம். 1964 மாடலில் நம்பரிலேயே தெரியும், ஆனால் 409 எஞ்சின் அந்த வண்டியோடு வந்ததா, பின்னால் தூக்கி வைத்ததா என்பதற்கு எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். மாமா பார்த்தது ஏழு போட்டோ. அதில் நாலு சூரிய அஸ்தமனத்தில் எடுத்தது.

சரி, நிஜ வண்டியே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2025ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, 50 வயது தாண்டிய வண்டிகளை லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்ய விட்டது. மாமாவுக்கு யாரோ இந்தச் செய்தியை அனுப்பித்தான் இத்தனையும் ஆரம்பம். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றார்களே தவிர வரி வேண்டாம் என்று சொல்லவில்லை! எல்லாம் சேர்த்தால் வண்டி விலையைவிட வரி அதிகம். செய்தி அனுப்பியவர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

இறங்கிய பிறகு? 2021ல் வந்த விண்டேஜ் வண்டி விதிப்படி பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. அதாவது மாமா இதில் பெரம்பலூர் சந்தைக்குப் போக முடியாது. "பெட்ரோல் போடத்தானே போறேன்னு சொல்லிட்டா?" என்றார். அப்படியே போனாலும் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். போய்வர எண்ணூறு ரூபாய்க்குக் குறையாது. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபது வருஷத்துக்கு முந்தைய ரப்பர் குழாயும் கார்புரேட்டரும் இதற்காகச் செய்ததில்லை. ஸ்டியரிங் வேறு இடது பக்கம். அதற்கு சிக்னல் காட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று, இதை மாமாவிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. 1958 முதல் 1964 வரை இம்பாலாவின் அடிச்சட்டம் எக்ஸ் எழுத்து வடிவம். ஓரத்தில் காக்கும் இரும்பு கிடையாது. 2009ல் அமெரிக்காவில் 1959 பெல் ஏர் ஒன்றையும் 2009 மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தார்கள். "அந்தக் காலத்து இரும்பு" என்று நாம் பெருமை பேசும் பழைய வண்டிதான் டிரைவர் பக்கம் நசுங்கிப் போனது. எங்க ஊர் பைபாஸில் ஆம்னி பஸ் வரும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

வரவுப் பக்கமும் ஒரு வரி எழுதினேன், நியாயம் வேணுமில்ல. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் வந்தால் அதையும் எங்கும் கழிக்க முடியாது. அவ்வளவுதான் வரவு. எதிர்ப்பக்கத்தில் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம். மாமாவும் அத்தையும் சேர்ந்து 15 லட்சம் போடலாம். நான் கணக்குப் போட்ட அன்று வட்டி 7.4 சதவீதம். மாதம் 9,250 ரூபாய். அத்தை அதுவரை அடுப்படியில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தவர், இந்த எண் காதில் விழுந்ததும் வெளியே வந்துவிட்டார். "அதை இன்னொரு தடவை சொல்லுப்பா" என்றார். மாமா பேசவில்லை.

என் கருத்து இதுதான். ஆசைக்கு முதலீடுன்னு பேர் வைக்காதீங்க. ஆசைன்னே சொல்லி, தொலைந்தால் தாங்கும் தொகையை மட்டும் போடுங்க. மாமாவுக்கு அந்தத் தொகை மீதி மூன்று லட்சம். அதற்கு ஒரு வண்டி இருக்கிறது: கான்டசா. 1984ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது, 2002 வரை ஓடியது. நம்மாட்கள் அதை இந்திய மசில் கார் என்பார்கள். முதலில் போட்ட 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் ஓவர். பிறகு வந்த 1.8 இசுஸு எஞ்சின் பரவாயில்லை. விஷயம் என்னன்னா, கான்டசாவின் மூலம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர். வாக்ஸ்ஹால் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. அதாவது செவர்லேயின் பங்காளி! நாலு கதவுதான், ஆனால் அந்த நீண்ட பானட்டைப் பார்த்தால் ரத்தம் தெரியும்.

இதிலும் செலவு உண்டு. 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025ல் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள் (இறக்குமதி கார் என்றால் 80,000, மாமாவிடம் இதையும் சொன்னேன்). துரு, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் தலைவலிதான். ஆனால் சந்தைக்கு ஓட்டலாம், நம்ம ஊர் ஃபிட்டர் பானட்டைத் திறந்தால் பயப்பட மாட்டார்.

மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாட்டுக் கொட்டகையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். இம்பாலா ஐந்தேகால் மீட்டருக்கு மேல், கொட்டகை நாலே முக்கால். "கான்டசா எவ்வளவு நீளம் மாப்ள?" என்றார். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒன்று பார்க்கப் போகிறோம். ஃபிட்டரையும் கூட்டிப் போகிறோம். அத்தையும் வருகிறேன் என்கிறார், பாஸ்புக்கோடு.