தங்காள் ஏன் தீ வைத்தாள்?

தொலைக்காட்சியில் வரும் மாயக்கதைத் தொடர்களின் பாத்திரங்களைப் பற்றி ரசிகர்கள் கட்டும் ஊகங்களை இலக்கிய வாசகர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. இன்னார் உண்மையில் இன்னாரின் மகன், இந்தச் சூனியக்காரிதான் முன்னொரு காலத்தில் அந்த இளவரசி என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பது வேலையற்றோர் விளையாட்டு என்பது நம் சூழலில் ஊறிப்போன எண்ணம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களால் அவ்வளவு எளிதாக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. பாத்திரங்களைப் பற்றிய ஊகங்களாலேயே பாதி உயிர்வாழும் ஒரு கதை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அண்ணன்மார் சாமி கதை, அல்லது பொன்னர் சங்கர் கதை.

முதலில் அயல்நாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஒளிபரப்பான 'ஒன்ஸ் அபான் எ டைம்' என்ற தொடரில் ஸ்னோ ஒயிட், ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் முதலிய தேவதைக்கதை மாந்தர்கள் எல்லோரும் தம்மை மறந்தவர்களாக ஒரு சிற்றூரில் வாழ்கிறார்கள். அதில் ஹென்றி என்ற சிறுவனின் தந்தை யார் என்பது புதிராக வைக்கப்பட்டிருந்தது. ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினின் தொலைந்துபோன மகன்தான் அந்தத் தந்தை என்று ரசிகர்கள் முன்கூட்டியே கணித்தார்கள். இரண்டாம் பருவத்தில், 2013இல், கணிப்பு சரியென்று ஆயிற்று. எழுதியவர் ஒளித்து வைத்ததைப் படிப்பவர் கண்டுபிடித்துவிட்டார், ஆட்டம் முடிந்தது. இத்தகைய ஊகத்துக்கு இறுதியில் ஒரு விடைத்தாள் உண்டு.

அண்ணன்மார் கதைக்கு விடைத்தாள் கிடையாது. உடுக்கை அடித்துப் பாடியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்த கதை அது. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 18 இரவுகள் பாடப்பட்ட இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாகத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளில் வந்தது. ஆனால் எங்களுக்கு அதைவிடச் சுவையானது 1982இல் வந்த அவருடைய 'தி த்ரீ ட்வின்ஸ்' நூல். ஊரார் முன்னிலையில் பாடிய அதே பாடகர், தனியே அமர்ந்து எழுதுபவருக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்த இன்னொரு வடிவமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது அந்நூல். ஒரே மனிதர், ஒரே கதை, ஆனால் அழுத்தங்கள் வேறு. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதை தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. மூலப் பிரதி என்று ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

பிற்காலத்தில் பெக்கே இக்கதையை 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்ற பெயரில் 26 பகுதிகள் கொண்ட இயங்குபடத் தொடராக்கினார். மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவலும், அதைத் தழுவித் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமேற்று 2011இல் வெளிவந்த படமும் வேறொரு தடம். திரைக்கு வந்தவுடன் பாத்திரங்களுக்கு நிலையான முகம் கிடைத்துவிடுகிறது. உடுக்கைப் பாட்டில் தங்காளின் முகம் கேட்பவர் மனத்தில் இருந்தது, அவரவர் அக்காள் தங்கையின் சாயலில். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போக எங்களுக்கு விருப்பமில்லை. திரை வந்தபிறகு ஊகங்கள் பெருகின என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அந்த ஊகங்களில் மிகப் பழையது, யார் யாருடைய மறுபிறப்பு என்பது. பாண்டவர்களே அண்ணன்மாராகப் பிறந்தார்கள் என்பது ரசிகர் எவரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதன்று, பாடகரே கதைக்குள் வைத்துச் சொல்வது. தங்காள் ஏழு கன்னிமாரில் இளையவளின் பிறப்பு என்பதும் அப்படியே. அதாவது, கதை தன்னைப் பற்றித் தானே ஒரு ஊகத்தைச் சொல்லிக்கொள்கிறது. ஆல்ஃப் ஹில்டபைடல் 1999இல் வெளியிட்ட நூலில் இதைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவின் வட்டார வாய்மொழிக் காப்பியங்கள் பாரதத்தை மறுபடி எழுதிப் பார்க்கின்றன என்ற பெரிய கோட்பாட்டையே நிறுவ முயன்றார். படிக்க மிகச் சுவையான நூல். எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பாரதத்தோடு பொருத்தப் பொருத்த, பொருந்தாதவை கண்ணில் படாமல் போய்விடுகின்றன. பொன்னாச்சி என்ற சிறு பெண்நாய்க்குப் பாரதத்தில் யார் இணை? வேட்டைக்குக் கூட்டிப்போகாமல் தன்னை விட்டுப்போனதற்காகச் சினந்து, பிறகு வந்து, மலைபோன்ற கொம்பன் பன்றியைப் பின்னாலிருந்து விதையைக் கடித்துச் சாய்க்கும் அந்த நாய், எந்த வடமொழிக் காப்பியத்திலிருந்தும் இறங்கி வந்ததில்லை. அது காங்கேயத்துக் காட்டில் பிறந்த நாய்.

அடுத்த ஊகம் எளிதாகச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. கொம்பன் என்ற அந்தக் காட்டுப்பன்றி உண்மையில் பன்றியா? குன்னுடையாக் கவுண்டர் குடும்பம் உழவுக்கென்று பார்வதி படைத்த குடியின் வழி. எதிரிகளோ காட்டை ஆளும் வேட்டுவர். பன்றி வேட்டுவர் பக்கத்தது, அவர்களுடைய தங்கை வீரத்தங்காளின் செல்லம். உழுத நிலத்தைக் கிளறி அழிப்பது அதன் தொழில். ஏர் வந்து காட்டைத் தின்றது, காடு பன்றியாகத் திரும்பி வந்து ஏரைத் தாக்கியது என்று இதை வாசிப்போர் பலர். எங்களுக்கும் அந்த வாசிப்பில் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆனால் வேட்டுவர் என்போர் கதையில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். இன்றும் எங்கள் ஊர்களில் எங்களுக்கு அடுத்த தெருவில் வாழ்பவர்கள். அவர்கள் சொல்லும் கதையில் தலையூர்க் காளி வில்லன் அல்லன், அரசன். ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினின் மகன் யார் என்று தவறாகக் கணித்தால் எவருக்கும் நட்டமில்லை. இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும் ஊகம், அடுத்த தெருக்காரரின் பாட்டனைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பாகிவிடுகிறது. சாம்புவன் விஷயமும் இதேதான். பறையறைந்து, ஏவல் செய்து, சாவு வரைக்கும் உடன்வந்த அவனைக் கோமாளியாகச் சித்திரிப்பவர்களும் உண்டு, அவனே உண்மையான வீரன் என்பவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தார் சமீப காலத்தில் கூடியிருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி.

இத்தனை ஊகங்கள் இருந்தும், கதையின் நடுவில் கிடக்கும் ஒரு கேள்வியை ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

பொன்னருக்கும் சங்கருக்கும் திருமணம் நடக்கிறது. முத்தாயி, பவளாயி என்று சில வடிவங்களில் மனைவியரின் பெயர் வருகிறது. ஆனால் அண்ணன்மார் அவர்களைத் தீண்டுவதில்லை. மணமுடித்து அழைத்து வந்த பெண்கள் அரண்மனைக்குள் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களாய், கதையில் எந்த வேலையும் இல்லாதவர்களாய் இருந்துவிடுகிறார்கள். 16 வயதில் வீரப்பூர்க் களத்தில், மாயவர் எய்த அம்பைத் தன் காலம் முடிந்ததன் குறியாகக் கொண்டு சங்கர் தன் வாளின்மேல் தானே விழுந்து மாய்கிறான். பொன்னரும் அதே வழியில் போகிறான். செய்தி வீட்டுக்கு வருகிறது. அப்போது தங்காள் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். அண்ணியர் இருவரும் உள்ளே இருக்கிறார்கள்.

தீ வைத்துவிட்டு அவள் அண்ணன்மாரைத் தேடிப் புறப்படுகிறாள். அந்த அலைச்சல், வீரப்பூரில் உடல்களைக் காண்பது, உயிர்ப்பிப்பது, அவர்கள் மறுபடி வாழ மறுப்பது எல்லாம் கேட்பவரை உருக்கிவிடும் இடங்கள். படுகளத்தன்று ஊர்களில் ஆட்கள் அருள்வந்து பிணம்போல் விழுவதும், தங்காளாக நிற்பவள் நீர் தெளித்து எழுப்புவதும் இன்றும் நடக்கின்றன. அந்தக் கண்ணீரில் அரண்மனைத் தீ மறந்துபோகிறது.

தீக்குக் காரணம் சொல்லியவர்கள் இல்லாமல் இல்லை. விதவையர் வாழ்வதைவிட மாள்வதே மேல் என்ற பழைய அறம் என்பார்கள். பங்காளிகள் கைக்கு வீடு போய்விடக் கூடாதென்று கொளுத்தினாள் என்பார்கள். குன்னுடையாவுக்கு வறுத்த விதையைக் கொடுத்து ஏமாற்றிய பங்காளிகள் அவர்கள், தாமரையின் வயிற்றில் பிறந்த ஆண்மக்களைக் கொல்லத் திட்டமிட்டவர்கள், ஆகையால் இந்தக் காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்னும் சிலர் உடனே கண்ணகியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கொங்கிளங்கோசர் கண்ணகிக்கு விழா எடுத்ததாகச் சிலப்பதிகாரமே சொல்வதால் இந்த ஒப்பீடு எங்கள் பக்கத்து மேடைகளில் நன்றாக எடுபடும். ஆனால் பொருந்தவில்லை. கண்ணகி எரித்தது தன் கணவனைக் கொன்ற அரசனின் நகரை. அதிலும் பெண்டிர், முதியோர், குழந்தைகள் முதலானோரை விட்டுவிடும்படி தீக்கு ஏவினாள். தங்காள் எரித்தது தன் சொந்த வீட்டை, உள்ளே இருந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாத இரு பெண்கள்.

எங்கள் ஊகம் கிளிகளிலிருந்து தொடங்குகிறது. போருக்குக் காரணம் தங்காளின் ஆசை என்று ஒரு பேச்சு உண்டு, பொன்மானைக் கேட்ட சீதைமேல் பழி போடுவது போல. அவள் வேட்டுவர் காட்டிலிருந்து கிளிகளைக் கேட்டாள், அண்ணன்மார் போனார்கள், பகை மூண்டது. பழி போடுபவர்கள் அவள் எதைக் கேட்டாள் என்று கவனிப்பதில்லை. அவள் கேட்டது ஒரு சோடி. மணமாகியும் மனைவியரைத் தொடாத இரண்டு அண்ணன்மார், மணமே ஆகாத தங்கை, கூடவே மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு அண்ணியர். சோடி என்று சொல்ல ஓர் உயிர்கூட இல்லாத வீடு அது. வரப்போவதையெல்லாம் கனவில் காண்பவளாகப் பாடகர் சித்திரிக்கும் தங்காள், அந்த வீட்டுக்கு இல்லாத ஒன்றைத்தான் கேட்டாள். அண்ணன்மார் கொண்டுவந்ததோ ஒற்றைக் கிளி. மற்றது தப்பிப் பறந்து வீரத்தங்காளிடம் முறையிட்டது. பெருவீரர்கள் இருவர் சேர்ந்தும் ஒரு சோடியை முழுதாக வீடு சேர்க்க முடியவில்லை.

அந்த ஒற்றைக் கிளியையும் பிற்பாடு எரிந்த இரு பெண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, தீ எங்களுக்கு வேறாகத் தெரிகிறது. அது பழிவாங்கல் அன்று, அறமும் அன்று. வீட்டின் பெருமைக்காக வாழாமலே வைக்கப்பட்ட வாழ்க்கைகளுக்கு அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வைத்த முற்றுப்புள்ளி. பிரம்மச்சரியம் அண்ணன்மாருக்கு வலிமை தந்தது என்று கோயிலில் கும்பிடுகிறோம். அந்த வலிமைக்கான விலையைச் செலுத்தியவர்கள் யாரென்று பாடகர் ஒரே ஒரு நிகழ்ச்சியில், தீயின் வெளிச்சத்தில், காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தங்காளைக் குற்றத்திலிருந்து விடுவிக்க நாங்கள் இதைச் சொல்லவில்லை. அவள் செய்தது கொலைதான்.

இது நவீன மனத்தின் உளவியலை நாட்டார் கதைமேல் ஏற்றுவது என்று நண்பர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள். உடுக்கைக்காரர் இப்படி நினைத்துப் பாடியிருக்கமாட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர் பாண்டவர் மறுபிறப்பை ஏற்றிப் பாடியபோது அதுவும் கதைமேல் ஏற்றிய ஒன்றாகத்தானே இருந்திருக்கும்? ஊரார் முன் ஒரு விதமாகவும், எழுதுபவர் முன் வேறு விதமாகவும் சொன்ன பாடகரின் கதை இது. பெருமை பேசும் ஊகங்களுக்கு மட்டும் இதில் இடம், எரிந்த பெண்களைப் பற்றிய ஊகத்துக்கு இடமில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

கதையை முழுதாகப் பாடக்கூடிய உடுக்கைக் கலைஞர்கள் எங்கள் வட்டாரங்களில் அருகி வருகிறார்கள். இன்னும் பாடுபவர் எவரேனும் உங்கள் பக்கத்தில் இருந்தால், அரண்மனை எரியும் இரவை அவர் எவ்வளவு நேரம் பாடுகிறார், அண்ணியர் பெயரைச் சொல்கிறாரா, அவர்கள் வாய்திறந்து ஏதேனும் பேசுகிறார்களா என்று கேட்டுக் குறித்து வையுங்கள். எங்கள் ஊகத்தை மறுக்கும் ஒரு பாடம் கிடைத்தாலும் சரிதான், அதையும் அறிய விரும்புகிறோம்.